நல்ல பையன்தான்

மொத்தம் இருநூற்றுப் பதினேழு குறுஞ்செய்திகள்.
கடைசி நாலு பக்கம் நேற்று மாலைதான் வந்தது,
வேறொருவர் கைப்பேசியிலிருந்து.
உட்லண்ட்ஸ் வீட்டில், சாப்பாட்டு மேசையில்,
மகனின் கணக்குப் புத்தகத்தைத் தள்ளிவைத்துவிட்டு
இரண்டு மணிவரை ஆங்கிலமாக்கினேன்.
ஆகவே எனக்குத் தெரியும்.

ஏழாம் மாடி. கண்ணாடிக் கூண்டு.
உள்ளே நிற்கிற தவமணிக்கு
இன்னும் தெரியாது.

வரிசையாக வாசிக்கிறேன்.
நாற்பதாவது:
'அண்ணே, என் காச எடுத்தது யாருன்னு
கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க.
உங்கள விட்டா எனக்கு யாரு.'
பதினோராயிரத்து இருநூறு வெள்ளி.
துவாஸ் கப்பல் பட்டறையில் மூன்று வருடப் பற்றவைப்பு.
விசாரித்தவர் நல்லதம்பி.
எடுத்தவரும் அவரே.
பெயர்களை மொழிபெயர்க்கக் கூடாது என்பது விதி.

பாலுக்குப் பூனை காவல் என்று
ஒரு வரியில் முடித்துவிடலாம்தான்.
ஆனால் எழுபத்திரண்டாவதில் தவமணிக்குக் காய்ச்சல்.
நல்லதம்பி கஞ்சி வைத்துக்கொடுக்கிறார்,
கிளினிக்குக்கு முப்பத்தெட்டு வெள்ளி கட்டுகிறார்,
விடிய விடிய பக்கத்துக் கட்டிலில் விழித்திருக்கிறார்.
அந்தக் கஞ்சி உண்மையான கஞ்சி.
அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நூற்று முப்பத்தொன்று:
'ராத்திரி ஒரு மணிக்கு உன் பெட்டிகிட்ட
சூசை நின்னுட்டிருந்தான்.
நான் சொன்னேன்னு சொல்லிடாத.
சூசை நல்ல பையன்தான்.'

அந்தத் 'தான்'.
அதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் கிடைக்கவில்லை.
பேனாவை மூடிவிட்டு
நெடுநேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.
இரண்டெழுத்து. அதற்குள்
ஓர் இரும்புக் குழாய், குளியலறை ஈரம்,
ஜூரோங் மருத்துவமனையில் இன்றுவரை
கண் திறக்காத ஒரு முகம்.

சிறுவயதில் சமூக மன்றத்தில் ஒரு நாடகம் பார்த்தேன்.
பால் தம்ளரில் விஷம் கலந்தது எங்களுக்கெல்லாம் தெரியும்.
'குடிக்காதடா!' என்று பின்வரிசையில்
ஒரு பேருந்து ஓட்டுநர், சீருடையோடு, எழுந்து கத்தினார்.
எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.
மேடையிலிருந்தவன் காதில் விழாததுபோல் குடித்தான்.
அந்த ஓட்டுநரைத்தான்
இப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

சம்பளம் வாங்குகிறேன், கத்தாமல் இருக்க.
என் வாயில் என் சொல் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

காலையில் மின்தூக்கியை எனக்காகப் பிடித்துக்கொண்டார்
நீலச் சட்டை போட்ட ஒருவர்.
'வாங்க மேடம், எத்தனையாவது மாடி?'
நல்ல குரல். யாரும் நம்பக்கூடிய குரல்.
நானே ஒரு கணம் நன்றி சொல்லிவிட்டேன்.
இப்போது வெளியே பெஞ்சில் இருக்கிறார்,
மூன்றாம் சாட்சி.

பக்கம் இருபத்தொன்றைத் திருப்பப்போகிறேன்.
தவமணி கண்ணாடித் துளையருகே குனிகிறான்:
'அக்கா, அண்ணன் வந்திருக்காரா?
அவரக் கேட்டா எல்லாம் வெளங்கிடும்.'

நீதிபதி நிமிர்கிறார். என்ன சொல்கிறார் அவர்?
அண்ணனைக் கேட்கிறார், ஐயா.
அவருக்கு சிங்கப்பூரில் அண்ணன் இருக்கிறாரா?

கேட்கிறேன்.
மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரிக்கிறான்,
முன்பல் ஒன்று உடைந்திருக்கிறது.
'ஒருத்தர் இருக்காருங்க.'

தண்ணீர் ஒரு மிடறு குடித்தேன்.
பிறகு, என் தொழிலைச் செய்தேன்:
ஒருவர் இருக்கிறார், ஐயா.