இரண்டுக்கு மேல் கூடாது

மண்டலத்துக்கு மூன்று நாள் குறைவு.
சொந்தத் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்பவன்
எழுதிக் கொடுத்துவிட்டு
நாற்பத்தைந்து நாள் காத்திருக்க வேண்டும்.
நானும் மாலை போட்டவன் போலத்தான் இருந்தேன்,
காலண்டரில் பென்சிலால் கோடு கிழித்தபடி.

வாங்குகிறவர் பேரணாம்பட்டு முனிரத்தினம்.
மாந்தோப்பு. பன்றித் தொல்லை.
அவரிடம் ஏற்கெனவே இரண்டு,
என்னுடையது மூன்றாவது.
முன்பணம் ஐயாயிரம் தந்தார்.
அன்று சாயங்காலமே அது
வாஷிங் மெஷினுக்கு முதல் தவணையாகிவிட்டது.

முப்பத்தெட்டாம் நாள்
டெல்லியில் மூன்றை இரண்டாக்கினார்கள்.

பட்டாளத்தை விட்டு வந்த வருஷம் வாங்கியது.
இரட்டைக் குழல், பன்னிரண்டு போர்.
சொந்தத் துப்பாக்கி இருந்தால்தான்
வங்கி வாசலில் வேலை.
பத்தொன்பது வருஷம்
காட்பாடிக் கிளையின் கதவோரம் ஒரு ஸ்டூல்.
அதைத் தோளில் மாட்டியபடியே
நகைக்கடனுக்கு வந்தவர்களுக்கெல்லாம்
சலான் நிரப்பிக் கொடுத்தேன்.
எவரும் துப்பாக்கியைப் பார்த்ததாக நினைவில்லை.
பேனாவைத்தான் கேட்டார்கள்,
பாதிப் பேர் திருப்பித் தரவில்லை.

கெடு முடிய முடியப் புதுப்பித்தல்.
தேர்தல் வந்தால்
ஸ்டேஷனில் ஒப்படைக்காமல் இருக்க ஒரு மனு.
பிறகு ஒருநாள்
உரிமத்துக்குக் கம்ப்யூட்டரில் எண் இருக்க வேண்டும் என்றார்கள்.
எண் இல்லாவிட்டால்
நேற்றுவரை வங்கியைக் காத்த அதே இரும்பு
கள்ளத் துப்பாக்கி.
எண்ணுக்காக அலைந்த கோடையில்
சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் படிகள்
என் முட்டியைத் தின்றன.
எண் வந்தது.
ஏஜென்சியும் வந்தது, கேமராவோடு.

"இன்னா சார் பண்றது" என்றார்
செக்‌ஷனில் ரேணுகாம்பாள் மேடம்.
"உங்க மேலயும் தப்பில்ல, அவர் மேலயும் தப்பில்ல.
கணக்கு மாறிடுச்சி."
என் மனுவின் மேல்
மோர் பாட்டிலை வைத்திருந்தார். ஈர வட்டம்
என் கையெழுத்தைச் சுற்றி விழுந்திருந்தது.

எதிர் டீக்கடையில் முனிரத்தினம் காத்திருந்தார்.
முன்பணம் கேட்கத்தான் என்று நினைத்தேன்.
மொட்டையடித்திருந்தார்.
அப்பா தவறி இருபது நாளாம்.
அவருடைய துப்பாக்கி இப்போது இவர் பெயருக்கு வருகிறது,
அது மூன்றாவது.
ஒன்றைத் தள்ளியாக வேண்டும்.
பன்றியைவிட இது பெரிய தொல்லை என்றார்.
டீயை ஆற்றிக்கொண்டே
என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
"உங்ககிட்ட ஒண்ணு ஒண்டிதானே இருக்குது?
இன்னொண்ணுக்கு எடம் இருக்குதில்ல?"

இரண்டு பேருமே சிரித்தோம்.
டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.
முன்பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை,
அது இன்னும் உறுத்துகிறது.

கடைசியில் லாங் பஜார் பக்கம் ஒரு டீலர்.
விற்கும்வரை வைத்திருப்பார், மாத வாடகைக்கு.
பென்ஷனில் இனி அதற்கும் ஒரு வரி.
குழலைக் கண்ணருகே வைத்துப் பார்த்து
"சுத்தமா வச்சிருக்கீங்க" என்றார்.
துடைக்கும் கம்பியை நான் கொடுக்கவில்லை.
வாஷிங் மெஷின் குழாய் அடைத்தால்
மனைவிக்கு அதுதான் வேண்டும்.

தோட்டாக்களை மேஜையில் நிறுத்தி எண்ணினார்.
இருபத்துநான்கு.
"வாங்கினது இருபத்தஞ்சி."
"டெஸ்டுக்கு ஒண்ணு" என்றேன். எழுதிக்கொண்டார்.

வேலையில் சேர்வதற்கு முந்தின நாள்,
விடியுமுன், பாலாற்றில்.
தண்ணீரில்லாத நடு ஆற்றில் நின்று
வானத்தை நோக்கி ஒரே ஒரு முறை.
அதன் குரல் எப்படி இருக்கும் என்று
தெரியாமல் எப்படிச் சுமப்பது?
சத்தம் அக்கரைக்குப் போய்த் திரும்புவதற்குள்
இருட்டில் எங்கேயோ ஒரு லாரி உறுமியது.
விளக்குப் போடாமல்,
பாதி ஏற்றிய மணலோடு,
மண்வெட்டிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு
ஓடினார்கள், ஒருவன் பெயரை ஒருவன் கத்திக்கொண்டு.

நான் மணலில் உட்கார்ந்து
வெகுநேரம் சிரித்தேன்.