மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்

காலை ஒன்பது பத்து.
சிட்னியில் என் சமையலறை, காதில் ஹெட்செட்,
அடுப்பில் பருப்பு பாதி வெந்தபடி.
மெல்போர்ன் பக்கம், டான்டினாங்கிலிருந்து ஒரு கிளினிக்.
நர்ஸின் பெயர் கெரின்.
அந்தப் பிள்ளையின் பெயரை மூன்று தரம்
உடைத்து உடைத்துச் சொன்னாள். ஒட்டிப் பார்த்தேன்:
யதுர்ஷி. வயது பத்தொன்பது.
கோழி ஆலையில் கத்தி பட்ட விரலுக்குத்
தையல் பிரிக்க வந்தவள்.

தையல் பிரித்தாயிற்று.
பிறகு ஒரு தாள் சரசரத்தது.
இருபத்தைந்துக்குக் கீழே எல்லாப் பெண்களிடமும்
கேட்பதுதானாம்.

எனக்கு விதி ஒன்றுதான்.
கூட்டாதே, குறைக்காதே.
அவள் 'நான்' என்றால் நானும் 'நான்'.

கடந்த மூன்று மாதத்தில், என்று தொடங்கினாள் கெரின்.
அவளுடைய சொல் சோப்புப் போட்டுக் கழுவிய சொல்.
தமிழில் அதற்கு ஒன்று வசை,
ஒன்று பாடப்புத்தகம்,
நடுவில் கிடந்ததை எடுத்தேன்:
"யாரோடயாவது உறவு இருந்ததா?"

"இல்லை அக்கா. எனக்கு இஞ்ச
உறவெண்டு ஒருத்தரும் இல்லை."

இல்லை, இங்கே எனக்கு யாருமில்லை
என்று ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்தது.
ஒரு சொல் குறைந்துதான் போனது.
பேனா கீறியது.
ஆபத்து இல்லை என்ற கட்டத்தில்
சரிக்குறி விழும் சத்தம்
எவ்வளவு சின்னது.

பருப்பு பொங்கியது. அணைத்தேன்.
"மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்" என்றேன்.
எங்களுக்கு அனுமதித்த ஒரே சொந்த வாக்கியம்.
"பிழை என்னுடையது. திரும்பக் கேட்கலாமா?"

இந்தமுறை சுற்றவில்லை.
"ஆம்பிளை ஒருத்தரோட படுத்திருக்கிறீங்களா, தங்கச்சி?"
தங்கச்சி என்பது கெரின் சொல்லாதது.
கூட்டினேன்.

வெளியே யாரோ ஒரு குழந்தை இருமி முடித்தது.
"ஓம்."

அடுத்த கேள்விக்கு 'தடுப்பு' என்ற சொல்
வாய்வரை வந்தது. விழுங்கினேன்.
படகில் வந்த வீடுகளில்
அந்தச் சொல்லைச் சுற்றி முள்வேலி இருக்கிறது.
மாத்திரை, ஊசி, உறை
என்று பெயர் பெயராய்க் கேட்டேன்.

"அவர் பாத்துக்கொள்ளுவார்."
எப்படி?
"தெரியாது. நான் கேக்கிறதில்லை."

இந்த வருஷம் ஒரு பிள்ளை வேண்டுமா உங்களுக்கு?
உங்களுக்கு என்பதைக் கெரின் அழுத்தினாள்.
நானும் அழுத்தினேன்.

"எனக்கோ?"

அந்த ஓகாரத்தை எங்கே வைப்பது?
ஆங்கிலத்தில் அது வெறும் கேள்விக்குறியாய்ச் சுருங்கியது.
ஆனாலும் கெரின் பேனாவைக் கீழே வைத்தாள்.
அதுவும் எனக்குக் கேட்டது.

மூன்று வழி சொன்னாள், மூன்றையும் சொன்னேன்.
வியாழக்கிழமை வரச் சொன்னாள்.
வியாழன் வேறு யாருடைய குரலோ.
இருபத்தாறு நிமிடம் என்றது கணினி.

'உறவு' என்று எழுதி வட்டமிட்ட குறிப்பை
விதிப்படி கிழித்தேன்.

அடுத்த அழைப்பு, காரில் கங்காரு மோதிய ஒருவர்.
காப்புறுதிக்காரர் கேட்கிறார்,
பார்த்தவர்கள் யாராவது உண்டா?
ஒருத்தரும் இல்லை என்கிறார்.
இந்தமுறை அவசரப்படாமல்
யார் இல்லை என்று கேட்டுவிட்டுத்தான் சொன்னேன்.