மூன்றாவது நகல்

நகரி தாண்டி ஏகாம்பரகுப்பம்.
பஸ்ஸை விட்டு இறங்கியதும்
தறிச்சத்தம் இல்லாததுதான் முதலில் கேட்டது.
கரண்ட் போய் மூன்று மணி நேரம்.
போன வெள்ளியும் இப்படித்தான் போனதாம்,
கஜபதி கூலிப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோது.
யூபிஎஸ் பெட்டியைத் திறந்தேன்:
உப்பிய பேட்டரி,
அதன் இடுக்கில் இரண்டு பல்லி முட்டை.

"ஃபைல் போயிடுச்சு மேடம்" என்றார்,
ஆள் போனதைச் சொல்லும் குரலில்.
"போகல. விழுந்து கிடக்கு."

டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டினேன்.
மூலத்தைத் தொடக்கூடாது.
நகல் எடுத்து, நகலைத்தான் அறுக்க வேண்டும்.
தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு கோப்புகள்:
நூல், சாயம், பாபின், கூலி, பண்டிகை போனஸ்,
எல்லாம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.
ஒன்றில் மட்டும்
தேதிகள் பூஜ்யமாகி,
பெயர்கள் இருந்த இடத்தில்
கட்டம் கட்டமாய் வெறும் பெட்டிகள்.

நாற்பத்தொரு வவுச்சரைப் படிக்க முடியவில்லை,
நீக்கிவிடட்டுமா என்று கேட்டது திரை.
இந்தக் கேள்விக்கு 'இல்லை' அழுத்தத்தான்
எனக்குக் கூலி.

மகள் சினிமாப் பாட்டு ஏற்றிவைத்த பென் டிரைவில்
மார்ச் மாதப் பேக்கப் ஒன்று பிழைத்திருந்தது.
அதைப் பக்கத்தில் வைத்து
அறுந்த பாவு பிணைப்பதுபோல் இழை இழையாக...
நாற்பத்தொன்றும் ஒரே ஆளுடையவை.
நாகபூஷணி, எட்டாம் தறி.
முன்பணம் முப்பத்தையாயிரம்.
மாதம் தவறாமல், கடைசித் தேதி இரவில்,
வட்டி.

கணக்கு நேரானது. ஒரு பைசா பிசகவில்லை.
கஜபதி திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கரண்ட் வந்தது.
தறிகள் ஒவ்வொன்றாய்த் தொடங்க, தரை அதிர்ந்தது.
எட்டாவது மட்டும் ஓடவில்லை.
புருவத்தில் பஞ்சோடு வாசலில் நின்றாள்.
"நா கணக்கு உந்தா அம்மா?"
பிறகு தமிழில், "நான் கட்டினதும் இருக்கா?"
விரிசல் விழுந்த போனில் பதினாறு படங்கள்:
கொடுப்பதற்கு முன்
பாவின்மேல் பரப்பி எடுத்த ரூபாய் நோட்டுகள்.

வரவுப் பக்கத்தில் தேடினேன்.
மார்ச் பேக்கப்பில் தேடினேன்.
பழுதானவை நாற்பத்தொன்று.
எழுதப்படவே இல்லாதவை பதினாறு.
முதலாவதற்கு மட்டும் என் பையில் கருவி உண்டு.
இரண்டு பக்கமும் ஒரே அளவு மறைத்தால்
கணக்கு நேராகத்தான் நிற்கும்.

"அனாமத்துல இருக்கும்" என்றார் கஜபதி,
காலண்டர் முருகனைப் பார்த்தபடி.
அனாமத்தைத் திறந்தேன்.
காலி.

நான் தீர்ப்புச் சொல்ல வந்தவள் இல்லை.
ஆயிரத்தெண்ணூறு ரூபாய்க்கு வந்தவள்.
அவள் லெட்ஜரை இரண்டு பிரதி அச்செடுத்தேன்.
"ரெண்டு எதுக்கு?"
"பேக்கப் சார்.
ஒரே கட்டடத்துல இருந்தா அது பேக்கப் இல்ல."
சூடு ஆறாத தாளை
அவள் மடித்துச் சோற்றுக்கூடையில் வைத்தாள்.

என் கூலியை எந்தத் தலைப்பில் எழுத என்று கேட்டேன்.
தறிப் பராமரிப்பு என்றார்.
எழுதினேன்.

திரும்பும் பஸ்ஸில் போன் துடித்தது.
அவள்தான். எழுத்து ஒன்றும் இல்லை, படம் மட்டும்.
பொன்பாடி செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தியபோது
ஒன்பதாவது இறங்கியிருந்தது.
பத்தாவது
இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.