சூடானால் மட்டும்

ரெக்கவரி வண்டியிலிருந்து
அந்த வெள்ளை ஆப்ட்ராவை இறக்கியதும்
ஹம்தி உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான்.
ஒரே திருப்பு. உறுமியது.
"வண்டி ஜைன். மேடம்தான் மூ ஜைன்."
ஷுவைக் கராஜ் வரிசையே சிரித்தது.

சகாய அமலி சிரிக்கவில்லை.
கைப்பையைத் திறந்து
ரசீதுகளை ஒவ்வொன்றாக பானட்டில் வைத்தாள்.
பறக்காமலிருக்க
பதினாலாம் ஸ்பானரை மேலே வைத்தேன்.
பெட்ரோல் பம்ப், இருபத்தெட்டு தினார்.
பாட்டரி, பத்தொன்பது.
பிளக் நாலு. ஒரு ரிலே.
கடைசித் தாளில்: பழுதில்லை.
கீழே என் கையெழுத்து.

"ரெண்டு மணி ஷிஃப்டுக்குப் போறப்ப
ஆறாவது ரிங் ரோட்டில் நின்னுடும்.
முக்கால் மணி நேரம் கழிச்சு
ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பும்.
வார்டில் நம்பல. ரெண்டு நாள் சம்பளம் பிடிச்சாச்சு.
நீங்களும் நம்பல."

பல் டாக்டர் வாசலில்
நின்றுபோகும் வலி இது.
இழுத்து வருவதற்குள் ஆறிவிடுகிறது.
வலி எங்கே என்று
ஆறிய வாயைத் திறந்து பார்த்தவன் நான்.

இம்முறை குளிர்ந்திருக்கும்போதே அளந்து
எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்:
ஐந்நூற்று நாற்பது ஓம்.
பிறகு பானட்டை மூடி
ஏசியை முழுக்கத் திருகி
எஞ்சினை ஓடவிட்டு
ஜூலை வெயிலில் நிறுத்தினேன்.
அவள் பழைய டயர் அடுக்கில் உட்கார்ந்தாள்.
சுலைமானி வேண்டாம் என்றாள்.
வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
ஜுரக்காரனைப் பார்ப்பது போல.

நாற்பத்தோராவது நிமிடம்.
இருமல்கூட இல்லாமல் நின்றது.
அவள்தான் முதலில் எழுந்தாள்.

ஸ்டார்டர் சுற்றுகிறது, எஞ்சின் சுற்றுகிறது,
ஆர்பிஎம் முள் மட்டும்
பூஜ்யத்தில் ஒட்டிக் கிடக்கிறது.
உடம்பு ஓடுவது மூளைக்குத் தெரியவில்லை.

ஜாக் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து
முதுகைத் தரையில் இழுத்துக்கொண்டு போனேன்.
கம்ப்ரசருக்குப் பின்னால்
பெரிய புல்லியை ஒட்டி
கட்டைவிரல் அளவு கறுப்புப் பொருள்,
பத்தாம் நம்பர் போல்ட் ஒன்றில் தொங்குவது.
பல்சக்கரத்தைத் தொடாமல்
நகக்கனம் விலகி நின்று
ஒவ்வொரு பல்லும் கடப்பதை அது எண்ணுகிறது.
அறுபது பல்லுக்கு இடம். இருப்பது ஐம்பத்தெட்டு.
அந்த இரண்டு பல்லின் ஓட்டையை வைத்துத்தான்
எந்த பிஸ்டன் எங்கே என்று
கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கிறது.

சாக்கெட்டைக் கழற்றினேன்.
மூன்று பின். மூன்றாவது வெறும் கவசம்.
மற்ற இரண்டில் மீட்டர் முனைகளை வைத்தேன்.
எண் இல்லை.
திரையில் எல்லை தாண்டிய குறி மட்டும்.

ஷொஹிதுல் ஈரத்துணியைச் சுற்றினான்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஐந்நூற்று நாற்பது,
எங்கும் போகாதது போல.
துணியை எடுத்து ஹாட் கன் காட்டினேன்.
போயிற்று.

"இன்னொரு தடவை காட்டுங்க."
காட்டினேன்.
"இன்னொரு தடவை."
இந்த முறை போனில் படம் பிடித்தாள்.
திரை காலியான இடத்தில்
கை நடுங்கியிருக்க வேண்டும்,
படத்தில் பாதி என் முழங்கை.

புது சென்சார் ஒன்பது தினார்.
கூலி வேண்டாம் என்றேன். கேட்கவில்லை,
எண்ணி வைத்தாள்.
"பில்லில் எழுதுங்க. இங்கிலீஷில்.
சூடானால் மட்டும் அறுந்துபோகுது, ஆறினா சேர்ந்துடுதுன்னு.
தேதி போட்டு சீல் வையுங்க."
எழுத்துப் பிழையோடு எழுதினேன்.
பழைய 'பழுதில்லை' தாளைக் கிழிக்கக் கேட்டேன்,
தரவில்லை.
செத்த சென்சாரை மாத்திரைக் கவரில் போட்டு
ஒட்டி மூடிக்கொண்டு போனாள்.

இரவு பத்தேகாலுக்கு ஒரு போட்டோ வந்தது.
யாருடைய மேஜையோ.
ஸ்டெத்தஸ்கோப், பேனா ஸ்டாண்டு,
நடுவில் அந்தக் கவர்,
அதன் கீழே என் பில்.

வண்டி கிளம்பியதா என்று கேட்டேன்.

"அது எப்பவும் கிளம்பத்தான் செஞ்சது"
என்று பதில் வந்தது.