பின்பக்கப் பதிவேடு

வேலந்தாவளம் போகிற சாலையில்
லாரிகள் நிற்காமல் போகத் தொடங்கி
வருஷங்கள் ஆன சோதனைச் சாவடி.
குறுக்குக் கட்டையில் பாதியைக் காணோம்.
மீதியில் சிவப்பும் வெள்ளையும்
ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கின்றன.

வாயால் கேட்டபோது 'சரி' என்றார்கள் பஞ்சாயத்தில்.
எழுத்தில் கேட்டதற்கு
'சாவி எங்களிடம் இல்லை' என்று
முத்திரை போட்டுக் கொடுத்தார்கள்.
'அது மதி' என்றாள் நிலோபர்.
அவள் பாஷையில் மதி என்றால் போதும்.
எங்களுக்கு அது நிலா.

முதல் கூட்டத்துக்கு ஆறு பேர்.
நடுவில் ஒரு நாய்.
நாயைச் சுற்றிச் சாக்பீஸால் அறை பிரித்தோம்.
இங்கே தையல் மெஷின்,
இங்கே ரம்பமும் பட்டறைக் கட்டையும்,
கரண்ட் வந்தால் இங்கே ஒரு விளக்கு.
கொடுக்க வருகிறவர்களுக்குக் கிழக்கு வாசல்
எடுக்க வருகிறவர்களுக்கு மேற்கு.
'அதென்ன, தமிழ்நாடு கொடுக்கறதும்
கேரளா எடுக்கறதுமா?' என்றான் சசீந்திரன்.
காலாலேயே அழித்துவிட்டு
ஒரு வாசலாகப் போட்டோம்.

கூட்டக் குறிப்பு என் பொறுப்பு.
இருக்கிறதை வைத்துப் பிழைக்கலாம் என்று
கூடிய கூட்டத்தில்
புது நோட்டுக்குக் காசு கேட்க வாய் வரவில்லை.
மூலையில் கிடந்த பழைய பதிவேட்டைக்
கவிழ்த்துப் பின்பக்கமிருந்து எழுதுகிறேன்.

முன்பக்கம் சொல்வது:
வண்டி எண், சரக்கு, எடை, போகுமிடம்.
கோழித்தீவனம். சிமெண்ட்.
மறுபடி கோழித்தீவனம்.
ஒரு நாள் மட்டும், சர்க்கஸ் கூடாரம்.

பின்பக்கம்:
மூடிகள் பதினாலு, பாத்திரம் கிடையாது.
கல்யாணத்தில் வந்த சுவர்க் கடிகாரம், ஒரே மாதிரி ஐந்து,
ஐந்தும் ஐந்து நேரம்.
சத்தம் போடாத பிரஷர் குக்கர்.
பிளாஸ்டிக் நாற்காலி, மூன்றரைக் கால்.
தேயாத இடதுகால் செருப்பு, ஒற்றை.
கொண்டுவந்தவர் ஒன்றும் சொல்லவில்லை.
'சைஸ் எட்டு' என்று மட்டும் எழுதினேன்.

பெயர் எழுதுவதா வேண்டாமா என்பதில்தான்
இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.
'கணக்குன்னா பேர் வேணும்,
நாளைக்கு யாராவது கேட்டா?' என்றார் அம்புஜவல்லி டீச்சர்.
ராக்கியண்ணன் எழுந்து நின்றார்.
ராக்கியண்ணன் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை.
'என்ற குக்கரை எதுத்த ஊட்டு அடுப்புல பாத்தா
எனக்கே ஒரு மாதிரி இருக்குமுங்.
அவிகளுக்கு எப்படி இருக்கும்?'
அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.
பெயர் என்ற கட்டத்தில்
இன்றுவரை மை படவில்லை.

இரும்பு பீரோ ஒன்று திறக்காமல் கிடந்தது.
என் வீட்டில் எந்தப் பூட்டுக்கும் சேராத
பதினொரு சாவிகளைக் கொண்டுபோனேன்.
ஒவ்வொன்றாக, எல்லோரும் மூச்சடக்கி நிற்க,
பதினொன்றும் சேரவில்லை.
நிலோபர் ஜாக்கி லிவரால் நெம்பினாள்.
உள்ளே கரையான், கார்பன் தாள்,
'தணிக்கை செய்யப்பட்டது' என்ற ரப்பர் முத்திரை.
தேதிச் சக்கரம் ஜூன் முப்பதில் நின்றிருந்தது.

அவள் மகன் அதைக் கைப்பற்றிவிட்டான்.
கடிகாரங்களில் குத்தினான், குக்கரில் குத்தினான்,
தன் முழங்கையில், டீச்சரின் குடையில்.
நாய் மட்டும் மறுத்து எழுந்து போனது.

மூன்றாம் வாரம் அந்தச் செருப்பைக் காணோம்.
எடுத்தது யாரென்று
ஊன்றுகோல் குத்திய ஈரமண் சொன்னது.
பதிவேட்டில் 'போனது' என்று போட்டேன்.

நேற்று நாற்காலிக்கு முருங்கைக் கொம்பில்
அரைக்கால் வைத்தார்கள்.
'முருங்கை தாங்காது' என்று நாலு பேர் சொன்னோம்.
சசீந்திரன் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
நாலு காலும் வானம் பார்க்க
கட்டைக்கு அடியில் நடந்து போனான்.
போகுமிடம் எழுதலாமென்று தலையை நீட்டினேன்.
அதற்குள் டீ வந்துவிட்டது.
எந்தப் பக்கம் திரும்பினான் என்று
பார்க்கவில்லை.