பொன்மேல் வெள்ளி படக்கூடாது

ஆஸ்பர்ட் திரெல்ஃபால் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.
'காலை வணக்கம்' மறுநாள்தான் வந்தது.

முப்பத்தோரு வருடம்
அவர் சொல்லச் சொல்ல நான் வரைந்தேன்
தேம்ஸ் நதியின் ஈரம் சுவரேறும் அறையில்.
சிங்கம் என்றால் போதாது அவருக்கு.
பின்காலில் நிமிர்ந்ததா, நடப்பதா, படுத்துத் தலைதூக்கியதா,
நாக்கு நீலமா, நகத்துக்கு என்ன நிறம்?
தூரிகை நனையுமுன் முடிவாகிவிட வேண்டும்.
உயிருள்ள சிங்கத்தை அவர் பார்த்ததே இல்லை.
மிருகக்காட்சிசாலைக்கு ஒருமுறை இழுத்துப் போனேன்.
"இதற்கு நிற்கத் தெரியவில்லை, மிஸ் அஸ்க்யூ" என்றார்.

அல்வர்ஸ்டனில் பிறந்தவர், நாலாவது பையன்.
ஏழு வயதில், தேவாலயத் தரையில்,
செத்த பிரபுக்களின் பித்தளைத் தகட்டில் காகிதம் விரித்து
கறுப்பு மெழுகால் தேய்த்துத் தேய்த்துக்
கேடயம் படிக்கக் கற்றாராம்.
எழுத்து அதற்குப் பிறகு.

குண்டு விழுந்த இரவில் அடுத்த தெரு எரிந்தது.
குழந்தைத் தள்ளுவண்டியில்
நானூறு வருட வம்சச் சுருள்களை அடுக்கிப்
போர்வை போர்த்தித் தள்ளிக்கொண்டு ஓடினார்.
ஒரு தீயணைப்புக்காரன் குனிந்து பார்த்து
"பாப்பா அசந்து தூங்குது" என்றான்.

முடிசூட்டு விழாவில் தங்க இழை அங்கி அணிந்தார்.
அகலக் கையின் மடிப்புக்குள்
நான் கட்டிக்கொடுத்த சாண்ட்விச் இருந்தது
என்பது எந்தப் புகைப்படத்திலும் தெரியாது.

பிறகு அந்த பிஸ்கட் முதலாளி, பாம்ஃபிரெட்.
நார்மன் படையோடு கப்பலேறி வந்த
ஒரு மூதாதை வேண்டும், விலை என்ன என்றார்.
எட்டு மாதம் பதிவேடுகளில் புழுதி தின்று
ஆடு திருடித் தூக்கில் தொங்கிய ஒருவனைக்
கண்டுபிடித்துக் கொடுத்தார் இவர்.
காசோலை துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது.
"கொஞ்சம் வளைந்திருக்கலாமே" என்றார் மேலதிகாரி.
அந்த வருடப் பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று.
என்னிடம் மட்டும், தேநீர் ஆறும்போது:
"நல்ல ஆடுதான். விலைகூடப் போட்டிருக்கிறது."

பிப்ரவரியில் போனார்.
இழுப்பறையை நான்தான் காலி செய்தேன்.
ஆயிரம் குடும்பங்களின் கிளைகளை விரித்தவரின்
சொந்த மரம் ஒற்றைத் தாளில் இருந்தது:
மூன்று அண்ணன்கள், இவர், மேலே அப்பா.
அப்பாவின் பெயருக்கடியில் பொடி எழுத்தில்:
'திரெல்ஃபால் சந்தில் கிடந்த சிசு.
சந்தின் பெயரே சூட்டப்பட்டது.'
அதற்கு மேலே வெறும் காகிதம்.
பென்சில் தொட்டு அழித்த தடம்கூட இல்லை.
விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.

நாலாவது மகனுக்கு எங்கள் ஏட்டில் ஒரு பறவை உண்டு,
கால்கள் இல்லாதது.
ஊன்ற நிலமில்லாதவனுக்குக் கால் எதற்கு என்று கணக்கு.
நிலக்கரி பில்லின் பின்பக்கம் அதை வரைந்தேன்.
இரண்டு கால் வைத்தேன்.
வெள்ளிப் பறவை. பொன் கேடயம்.

இரண்டு தவறு, திரெல்ஃபால்.
உங்கள் சிவப்பு மைப்புட்டியை
மூடாமல் மேசையில் விட்டு வந்திருக்கிறேன்.