உப்பு

மைனஸ் முப்பத்தொன்று.
ஆர்வைகேர் இன்னும் நாற்பது கிலோமீட்டர் இருக்கையில்
என் கார் தனக்குச் சுடுகிறது என்றது.

மஞ்சள் விளக்கு,
கீழே இரண்டு மூன்று ஜப்பானிய எழுத்து.
இங்கே பாதிக் கார்கள்
தமக்கு மட்டுமே தெரிந்த மொழியில்தான் முனகுகின்றன.

இறங்கிப் பனியில் படுத்துப் பார்த்தேன்.
புகைக்குழாய்க்குப் பக்கத்துத் தகட்டில்
ஒட்டிய பனி ஒட்டியபடியே இருந்தது.

பொய்தான்.
ஆனாலும் லுப்சானின் லாரி
காய்ந்த புல்மேல் நின்ற இடத்திலேயே
அடிவயிற்றிலிருந்து எரிந்ததைப் பார்த்தவள் நான்.
பின்சீட்டில் ஆடுகளுக்கான தடுப்பூசி இருநூறு.
மிதியில் கால் பட்டும் படாமலும்
உருட்டிக்கொண்டு வந்தேன்.

"பல்பைப் பிடுங்கிடலாம்," என்றார் கொம்போ.
சொல்ல வருகிறதன் வாயைப் பொத்தவா
இவ்வளவு தூரம் வந்தேன்?

முனகிக்கொண்டே அடியில் புகுந்தார்.
கழற்றி எடுத்தது ஒரு விரல் நீளம்கூட இல்லை.
மீட்டரின் இரு முனைகளையும் அதில் கவ்வவிட்டு
அடுப்பருகே காட்டினார்: எண் இறங்கியது.
கதவுக்கு வெளியே நீட்டினார்: ஏறியது.
"குளிர்ந்தா மறிக்கும், சூடானா வழிவிடும்.
வழி கிடைச்சிட்டா உன் வண்டி
தீன்னு எடுத்துக்கும். இது நல்லாத்தான் இருக்கு."

அப்படியென்றால் வழிவிட்டது யார்?

வயரைப் பிடித்துக்கொண்டே போனார்.
அது தரையைத் துளைத்து உள்ளே ஏறி
பக்கத்து சீட்டின் கம்பளத்துக்கு அடியில் முடிந்தது.
அங்கே ஓர் இணைப்பு,
பச்சை பூத்த இரண்டு பின்,
நடுவில் பாலமாக வெள்ளைப் படிவு.
விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.
"உப்பு," என்றார். "கொஞ்சம் பாலும்."

செப்டம்பர். ஹுஜிர்த் பாதையில் ஒரு பள்ளம்.
பாட்னசான் மூடியைப் பாதி திருகிய ஃபிளாஸ்க்.
உப்புத் தேநீர் முழுக்கக் கம்பளத்தில்.
கத்தினேன். "காய்ஞ்சிடும்" என்றான்.
மேலே காய்ந்துதான் போனது.
அடுத்த வாரம் வேறு மாகாணத்துக்கு
மாற்றல் கேட்டுப் போனான்,
தேநீருக்காக இல்லை என்று சொல்லிவிட்டு.

ஸ்பிரிட், பழைய பல் பிரஷ்,
பிறகு கிரீஸ் ஒரு பொட்டு.
சாவியைத் திருப்பினேன்: எரிந்தது.
இஞ்சின் பிடித்தது: அணைந்தது.
நம்பாமல் இன்னும் இரண்டு முறை.

கம்பளத்தை விரித்துவிட்டு
சீட்டைக் கடைசிவரை பின்னே தள்ளிப் போனார் கொம்போ.
மூன்று பல் முன்னே இழுத்து வைத்தேன்.
அவன் குள்ளம்.